டைப்ஸ்கிரிப்ட்டில் நம்பர் என்று எழுதியும் போஸ்ட்கிரெஸ் ஸ்ட்ரிங் தருகிறது: பால் கணக்கில் பெருக்கல் சரி, கூட்டல் தப்பு

பட்டுவாடா (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் பால் சொசைட்டிக்கு ஒரு கணக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறேன். காலையும் மாலையும் பால் ஊற்றும்போது உறுப்பினர் எண், லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு அல்லாத திடப்பொருள்) எல்லாம் பதிவாகும். பத்து நாளைக்கு ஒருமுறை பட்டுவாடா. நோட்.ஜேஎஸ், டைப்ஸ்கிரிப்ட், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்று போட்டிருக்கிறேன். டேட்டாபேஸ் இணைப்புக்கு பிஜி பேக்கேஜ். ஓ.ஆர்.எம். (எஸ்.க்யூ.எல்லை நமக்காக எழுதித் தரும் லைப்ரரி) எதுவும் சேர்க்கவில்லை, எஸ்.க்யூ.எல். நேரடியாக எழுதுகிறேன். டைப்ஸ்கிரிப்ட்டில் ஸ்ட்ரிக்ட் (கண்டிப்பான சோதனை) போட்டிருக்கிறேன், கம்பைல் ஆகும்போது ஒரு பிழையும் இல்லை.

இரண்டு சிக்கல்.

ஒன்று: ஒவ்வொரு தடவை ஊற்றிய பாலுக்கும் தொகை சரியாக வருகிறது. அதாவது லிட்டரை விலையால் பெருக்குவது சரி. ஆனால் மொத்த லிட்டர் மட்டும் கன்னாபின்னாவென்று வருகிறது. 4.500, 3.250, 6.000 என்று மூன்று தடவை ஊற்றியவருக்கு 13.750 வர வேண்டும். பில்லில் 04.5003.2506.000 என்று அச்சாகிறது. இண்டர்ஃபேஸில் (எந்த ஃபீல்டு என்ன டைப் என்று டைப்ஸ்கிரிப்ட்டுக்குச் சொல்லும் இடம்) லிட்டர் என்பது நம்பர் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

இரண்டு: காலைப் பால் சிலருக்கு முந்தின நாள் கணக்கில் விழுகிறது. எல்லாருக்கும் இல்லை, சிலருக்கு மட்டும். என் லேப்டாப்பில் அப்படி ஒன்றும் ஆகவில்லை. வாடகை சர்வரில் ஏற்றிய பிறகுதான்.

இப்போதைக்குப் பக்கத்திலேயே பழைய நோட்டுப் புத்தகக் கணக்கும் ஓடுகிறது, அதனால் யாருக்கும் காசு குறையவில்லை. அடுத்த மாதம் நோட்டை நிறுத்தப்போகிறார்கள். அதற்குள் சரி செய்தாக வேண்டும்.

செங்காந்தள்

இரண்டு கேள்வி. டேட்டாபேஸிலிருந்து வந்த லிட்டர் மதிப்புக்கு டைப்ஆஃப் போட்டு அச்சிட்டால் என்ன வருகிறது? முந்தின நாளில் விழுந்தவர்கள் எத்தனை மணிக்குப் பால் ஊற்றினார்கள், சரியாக விழுந்தவர்கள் எத்தனை மணிக்கு? நோட்டில் நேரம் இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள் தம்பி.

பட்டுவாடா

அக்கா, டைப்ஆஃப் போட்டேன். ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்துத் தொடர், என்று வருகிறது. எனக்கு நம்பவே முடியவில்லை. அந்த ஃபீல்டு டேபிளில் நியூமெரிக், இண்டர்ஃபேஸில் நம்பர். நடுவில் ஸ்ட்ரிங் எங்கிருந்து வந்தது?

நேரம் பார்த்தேன். தப்பாக விழுந்தவை: 5:05, 5:12, 5:27. சரியாக விழுந்தவை: 5:34, 5:50, 6:10. ஓ...

செங்காந்தள்

அந்த “ஓ” சரிதான். இந்திய நேரம் உலகப் பொது நேரத்துக்கு (யு.டி.சி.) ஐந்தரை மணி நேரம் முந்தியது. காலை 5:30க்கு முன்னால் இங்கே ஊற்றும் பால், யு.டி.சி. கணக்கில் முந்தின நாள் இரவு. உங்கள் சர்வரில் போஸ்ட்கிரெஸின் டைம்ஸோன் யு.டி.சி. என்று இருக்கும், லேப்டாப்பில் ஆசியா/கொல்கத்தா என்று இருக்கும். நேரத்தை டைம்ஸ்டாம்ப்-டிஇஸட் (டைம்ஸோனைக் கணக்கில் கொள்ளும் நேர வகை) ஆக வைத்துவிட்டு, க்வெரியில் அதை அப்படியே டேட் ஆக மாற்றி குரூப் செய்கிறீர்கள், அப்படித்தானே? அந்த மாற்றம் அந்த இணைப்பின் டைம்ஸோன்படி நடக்கும். அதனால்தான் ஒரே க்வெரி, ஒரே டேட்டா, இரண்டு இடத்தில் இரண்டு பதில்.

உடனடித் தீர்வு: டேட் ஆக மாற்றும் முன்னால், அட் டைம் ஸோன் என்று எழுதி ஆசியா/கொல்கத்தாவைக் குறிப்பிடுங்கள். அப்புறம் சர்வர் எந்த நாட்டில் இருந்தாலும் ஒரே பதில்தான்.

ஆனால் நான் அதோடு நிற்க மாட்டேன். கணக்கு நாள் என்று தனியாக ஒரு டேட் ஃபீல்டும், காலையா மாலையா என்று ஒரு ஃபீல்டும் வையுங்கள். பால் எந்த வேளைக் கணக்கில் சேரும் என்பதைச் சொசைட்டி முடிவு செய்கிறது, கடிகாரம் முடிவு செய்வதில்லை. கரண்ட் போய், மாலைப் பாலை இரவில் உட்கார்ந்து பதிவு செய்த நாள் இருக்கும் அல்லவா? பதிவான நேரம் தணிக்கைக்கு, கணக்கு நாள் பட்டுவாடாவுக்கு.

இப்போது முதல் சிக்கல். இதுதான் பெரியது, நேரம் எடுத்து எழுதுகிறேன்.

டைப்ஸ்கிரிப்ட்டில் நீங்கள் எழுதும் டைப் எல்லாம் கம்பைல் ஆனதும் அழிந்துவிடும். ஓடும்போது இருப்பது வெறும் ஜாவாஸ்கிரிப்ட். க்வெரி கூப்பிடும்போது ஆங்கிள் பிராக்கெட்டுக்குள் உங்கள் இண்டர்ஃபேஸைக் கொடுக்கிறீர்களே, அதை பிஜி பார்ப்பதே இல்லை. டேபிளோடு ஒப்பிடுவதும் இல்லை. “டேபிளிலிருந்து வரும் வரிசை (ரோ) இப்படித்தான் இருக்கும்” என்று நீங்கள் கம்பைலருக்குக் கொடுக்கும் வாக்கு அது. கம்பைலர் நம்பிக்கொள்கிறது. வாக்கு பொய்யானால் கேட்க ஆளில்லை.

பிஜி ஏன் ஸ்ட்ரிங் தருகிறது என்றால், அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. போஸ்ட்கிரெஸின் நியூமெரிக் தசமத்தைத் துல்லியமாக வைத்திருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் நம்பர் இருமத்தில் மிதக்கும் புள்ளி. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 தரும். நம்பராக மாற்றினால் துல்லியம் போகலாம், அதனால் முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறது. பெரிய முழு எண்களுக்கான பிக்இன்ட்டும் அப்படித்தான்: ஜாவாஸ்கிரிப்ட் நம்பர் 9007199254740991 வரைதான் முழு எண்களைத் தவறாமல் தாங்கும், பிக்இன்ட் அதைத் தாண்டும். கவுன்ட் கேட்டால்கூட பிக்இன்ட்தான் வரும், அதனால் அதுவும் ஸ்ட்ரிங்.

பெருக்கல் ஏன் சரியாக வந்தது? பெருக்கல் குறி இரண்டு பக்கத்தையும் எண்ணாக்கிவிடும். கூட்டல் குறி, ஒரு பக்கம் ஸ்ட்ரிங் இருந்தால் ஒட்டிவிடும். நீங்கள் 0 என்று ஆரம்பித்துக் கூட்டியிருப்பீர்கள். 0 உடன் 4.500 ஒட்டி 04.500, அதன் வாலில் 3.250, அதன் வாலில் 6.000. உங்கள் பில்லை இப்போது ஒருமுறை படித்துப் பாருங்கள், முன்னால் நிற்கும் அந்த பூஜ்யம் தெரியும்.

பட்டுவாடா

தெரிகிறது அக்கா. அந்த முதல் பூஜ்யத்தை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அச்சு வடிவப் பிழை என்று நினைத்தேன். நன்றி.

நொய்யல்

இதற்கு ஒரே வரித் தீர்வு உண்டு. பிஜியின் செட்டைப்பார்ஸரில் (வரும் மதிப்பை எப்படி மாற்றுவது என்று சொல்லும் இடம்) 1700 என்ற எண்ணுக்கு பார்ஸ்ஃப்ளோட்டைக் கொடுத்துவிடுங்கள். 1700 தான் நியூமெரிக்கின் அடையாள எண், பிக்இன்ட்டுக்கு 20. வேலை முடிந்தது.

செங்காந்தள்

லிட்டருக்கு அது போதும் என்றால் நான் சண்டை போட மாட்டேன். காசுக்கு வேண்டாம். 1.005ஐ ஜாவாஸ்கிரிப்ட்டில் டூஃபிக்ஸ்டு போட்டு இரண்டு தசமமாக்கினால் 1.00 வரும், போஸ்ட்கிரெஸில் அதே எண்ணை நியூமெரிக்காக ரவுண்ட் செய்தால் 1.01. ஒரு பைசாதான். ஆனால் பத்து நாளைக்கு, காலை மாலை, அத்தனை உறுப்பினர்களுக்கும் கூட்டினால் சொசைட்டியின் மொத்தமும் பில்களின் மொத்தமும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு செயலாளர் ராத்திரி உட்கார்ந்திருப்பார். பால் ஊற்றுகிறவர்கள் பைசா வரை நோட்டில் எழுதி வைத்திருப்பவர்கள். அவர்களிடம் நம்பிக்கை போனால் மென்பொருள் போனது.

நொய்யல்

அது நியாயம். அப்படியென்றால் காசைப் பைசாவாகவும் பாலை மில்லி லிட்டராகவும் முழு எண்ணில் வைத்துவிடலாமே? இன்டீஜர் ஃபீல்டு நம்பராகத்தான் வரும்.

இரவுப்பணி

நொய்யல் அண்ணா சொல்வது நல்ல வழி, நானும் பில்லிங் வேலையில் அதைத்தான் செய்கிறேன். ஆனால் அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. தனி வரிசை இன்டீஜர், நம்பராக வரும். அதையே க்வெரியில் சம் போட்டால் போஸ்ட்கிரெஸ் பிக்இன்ட் ஆக்கித்தான் திருப்பித் தரும். பிக்இன்ட் என்றால் மறுபடி ஸ்ட்ரிங். நான் இதில் விழுந்திருக்கிறேன்: பட்டியல் பக்கம் சரி, மொத்தப் பக்கம் தப்பு. இன்னொன்று, சாதாரண இன்டீஜர் ஃபீல்டு 2147483647 வரைதான் தாங்கும். பைசாவில் அது சுமார் 2 கோடியே 14 லட்சம் ரூபாய். ஒருவருடைய பில்லுக்குத் தாராளம். சொசைட்டியின் ஆண்டு மொத்தத்தை ஒரு ஃபீல்டில் வைக்க நினைத்தால் யோசிக்க வேண்டும்.

பைசாக் கணக்கில் வரும் பிக்இன்ட்டை மட்டும் நம்பர் என்று மாற்றிக்கொள்ளலாம், பயமில்லை. ஜாவாஸ்கிரிப்ட்டின் எல்லை பைசாவில் சுமார் 90 லட்சம் கோடி ரூபாய். ஜாவாஸ்கிரிப்ட்டின் சொந்த பிக்இன்ட் டைப்புக்கு மாற்றினால் இன்னொரு வம்பு: ஜேசனாக (டேட்டாவை எழுத்தாக்கி அனுப்பும் வடிவம்) மாற்றும்போது பிழை வீசும்.

பட்டுவாடா

ஏற்கெனவே நியூமெரிக்கில் மூன்று மாத டேட்டா இருக்கிறது. மாற்றாமல் செய்ய வழி உண்டா?

செங்காந்தள்

உண்டு. கூட்டலையும் ரவுண்டையும் எஸ்.க்யூ.எல். பக்கமே விட்டுவிடுங்கள். அங்கே நியூமெரிக் துல்லியமாக இருக்கும். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு வந்து சேர்வது முடிந்த விடை. அதை ஸ்ட்ரிங்காகவே வைத்து அச்சிடுங்கள். இண்டர்ஃபேஸிலும் ஸ்ட்ரிங் என்றே உண்மையை எழுதுங்கள். அப்போதுதான் யாராவது தெரியாமல் பெருக்கவோ, நம்பர் கேட்கும் ஃபங்ஷனுக்குக் கொடுக்கவோ போனால் கம்பைலர் கையைப் பிடிக்கும். கூட்டல் குறியை அப்போதும் விட்டுவிடும், ஸ்ட்ரிங்கோடு ஒட்டுவது சட்டப்படி சரி என்பதால். ஆனால் விடை ஸ்ட்ரிங் என்று அதற்குத் தெரியும், அதை நம்பர் கேட்கும் இடத்தில் போட விடாது.

பனங்கூடல்

யாழ்ப்பாணத்திலிருந்து. எங்கட கடைக் கணக்கு மைஎஸ்க்யூஎல்லில் ஓடுகிறது, மைஎஸ்க்யூஎல்2 பேக்கேஜ். அங்கேயும் டெசிமல் ஃபீல்டு ஸ்ட்ரிங்காகத்தான் வரும். டேட் விஷயத்துக்கு டேட்ஸ்ட்ரிங்ஸ் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதை ட்ரூ ஆக்கினால் தேதி அப்படியே எழுத்தாக வரும். இலங்கையும் 2006 முதல் இதே 5:30 வித்தியாசத்தில்தான் இருக்கிறது, ஆகவே விடியற்காலைப் பிரச்சினை இங்கேயும் அச்சொட்டாக இதேதான்.

செங்காந்தள்

பனங்கூடல் சொன்னது நல்லதாயிற்று, தேதியில் இன்னொரு பொறி இருக்கிறது. தம்பி, நான் சொன்னபடி கணக்கு நாள் என்று டேட் ஃபீல்டு வைத்தால் அடுத்து இதில் விழுவீர்கள்.

பிஜி டேட் ஃபீல்டை ஜாவாஸ்கிரிப்ட் டேட் ஆப்ஜெக்ட்டாக மாற்றித் தரும், நோட்.ஜேஎஸ் ஓடும் கணினியின் உள்ளூர் நள்ளிரவாக. 2024 ஏப்ரல் 14 என்ற நாள் உங்கள் லேப்டாப்பில் இந்திய நேரப்படி 14ஆம் தேதி 00:00. அதை ஜேசனாக அனுப்பினால் யு.டி.சி. ஆக மாறி 2024-04-13, 18:30 என்று போகும். முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்தால் சித்திரை முதல் நாள் பங்குனியில் போய் நிற்கும். சர்வரில் நேரம் யு.டி.சி. என்பதால் அங்கே சரியாக வரும். காலைப் பால் பிழை சர்வரில் மட்டும் வந்தது, இது லேப்டாப்பில் மட்டும் வரும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தலை சுற்றும்.

தீர்வு ஒரு வரி. டேட்டின் அடையாள எண்ணான 1082க்கு, வந்த எழுத்தை அப்படியே திருப்பித் தரும் பார்ஸரைக் கொடுங்கள். நாள் என்பது நாளாகவே இருக்கட்டும், அதற்கு மணி கிடையாது.

வாய்க்கால்

இவ்வளவு எதற்கு? ப்ரிஸ்மா என்ற ஓ.ஆர்.எம். போட்டுவிட்டால் எல்லாம் தானாக நடக்குமே.

இரவுப்பணி

பாதி நடக்கும். ப்ரிஸ்மா நியூமெரிக்கை டெசிமல் ஆப்ஜெக்ட்டாகத் தரும். இரண்டு டெசிமலைக் கூட்டல் குறியால் சேர்த்தால் டைப்ஸ்கிரிப்ட் கம்பைல் ஆகாது, பட்டுவாடா விழுந்த பள்ளத்தில் விழ முடியாது. டைப்புகளும் ஸ்கீமா கோப்பிலிருந்து உருவாவதால் கையால் தப்பாக எழுத வாய்ப்பு குறைவு. இவை உண்மையான லாபம். ஆனால் வெறும் நாள் ஃபீல்டை யு.டி.சி. நள்ளிரவுள்ள டேட் ஆப்ஜெக்ட்டாகத் தரும், நீங்கள் உள்ளூர் நள்ளிரவைக் கட்டி உள்ளே அனுப்பினால் ஒரு நாள் பின்னால் போய்ச் சேரும். அந்தப் பாடம் அங்கேயும் படித்தே ஆக வேண்டும்.

ட்ரிஸில் (Drizzle) என்ற ஓ.ஆர்.எம். நியூமெரிக்கை ஸ்ட்ரிங் என்று நேர்மையாகவே டைப்பில் சொல்லும். டேட்டையும் இயல்பாக ஸ்ட்ரிங்காகத் தரும். எஸ்.க்யூ.எல். தெரிந்தவர்களுக்கு அது கைக்கு வரும். கைஸ்லியும் எனக்குப் பிடிக்கும், எஸ்.க்யூ.எல்லுக்கு மிக அருகில் இருக்கிறது. ஆனால் கைஸ்லியில் டேபிள்களின் டைப்பை நீங்கள் கையால் எழுதினால் மறுபடி அதே வாக்குதான், ஓடும்போது அது எதையும் மாற்றாது. கைஸ்லி-கோட்ஜென் வைத்து உண்மையான டேட்டாபேஸிலிருந்து எடுத்தால் சரி.

டைப்ஓ.ஆர்.எம். போட்டால் ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: சின்க்ரனைஸ் என்ற அமைப்பை நிஜ டேட்டாவுக்கு மேல் ட்ரூவாக விடாதீர்கள். கிளாஸில் ஒரு ஃபீல்டை எடுத்துவிட்டு ஆப்பைத் தொடங்கினால் டேபிளிலும் அந்த ஃபீல்டு போகும், உள்ளே இருந்த எல்லாவற்றோடும்.

பட்டுவாடா

எனக்கு எஸ்.க்யூ.எல். பழகிவிட்டது, இப்போதைக்கு பிஜியிலேயே இருக்கிறேன். வரும் வரிசையை நம்புவதற்கு முன் சோதிக்க நல்ல வழி எது?

செங்காந்தள்

ஸாட் என்ற லைப்ரரி. ஒவ்வொரு க்வெரிக்கும் ஒரு ஸ்கீமா (எந்த ஃபீல்டில் என்ன வர வேண்டும் என்ற விவரம்) எழுதி, வந்த வரிசையை அதில் ஓட்டி எடுங்கள். இண்டர்ஃபேஸைத் தனியாக எழுதாதீர்கள், ஸ்கீமாவிலிருந்தே டைப்பை எடுத்துக்கொள்ளலாம். டேபிளில் யாராவது ஃபீல்டு பெயரை மாற்றினால் பட்டுவாடா அன்று பில்லில் தெரியாமல், முதல் க்வெரியிலேயே சத்தமாக நிற்கும். கூடவே டைப்ஸ்கிரிப்ட்டில் நோஅன்செக்டுஇண்டெக்ஸ்டுஆக்ஸஸ் என்பதையும் போடுங்கள். ஸ்ட்ரிக்ட் அதை உள்ளடக்காது. உறுப்பினர் எண் தப்பாக அடித்தால் வரிசை ஒன்றும் வராது, ஆனாலும் முதல் வரிசை இருக்கும் என்றே கம்பைலர் நினைத்துக்கொள்ளும். இதைப் போட்டால் நினைக்காது.

கரிசல்

இழைக்குள் நுழைவதற்கு மன்னியுங்கள், எனக்கும் பிஜிதான். காலையில் நன்றாக ஓடுகிறது, மதியத்துக்குள் ஆப் அப்படியே உறைந்துவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. டிரான்ஸாக்‌ஷன் நிறைய இருக்கிறது.

இரவுப்பணி

பூலிலிருந்து (பகிர்ந்து பயன்படுத்தும் இணைப்புகளின் தொகுப்பு) கனெக்ட் போட்டு க்ளையன்ட் வாங்கிய பிறகு, ரிலீஸ் எங்கே கூப்பிடுகிறீர்கள்? ஃபைனலியில் இருக்கிறதா?

கரிசல்

கமிட்டுக்கு அடுத்த வரியில்.

இரவுப்பணி

அங்கேதான். நடுவில் பிழை வீசினால் அந்த வரிக்கு வருவதே இல்லை, இணைப்பு திரும்பி வராது. பூலில் இயல்பாகப் பத்து இணைப்புதான். ஒவ்வொரு பிழைக்கும் ஒன்று போய், பத்தாவது போனதும் அடுத்து வருகிறவர் காத்திருப்பார். எவ்வளவு நேரம்? கனெக்‌ஷன்டைம்அவுட்மில்லிஸ் இயல்பில் 0, அதாவது வரம்பே இல்லை. அதனால்தான் செய்தி இல்லாமல் உறைகிறது.

ட்ரையில் பிகின், கமிட். கேட்ச்சில் ரோல்பேக். ஃபைனலியில் ரிலீஸ். இதை ஒரு ஃபங்ஷனாக எழுதி, எல்லா டிரான்ஸாக்‌ஷனும் அதன் வழியாகவே போகட்டும். டைம்அவுட்டுக்கு 5000 போல ஒன்று கொடுங்கள். பிகினை பூலின் க்வெரி வழியாக அனுப்பாதீர்கள், அடுத்த க்வெரி வேறு இணைப்பில் போகலாம், அப்போது டிரான்ஸாக்‌ஷனே இல்லை. பூலுக்கு எரர் லிஸனரும் வையுங்கள். சும்மா இருக்கும் இணைப்பை டேட்டாபேஸ் வெட்டினால், லிஸனர் இல்லாத ஆப் அங்கேயே விழும்.

பூல் ஆப்புக்கு ஒன்றுதான். சிலர் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் புதுசாக ஒன்று கட்டுகிறார்கள். போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 இணைப்புதான் எடுக்கும், அதற்கு மேல் “டூ மெனி க்ளையன்ட்ஸ்” என்று கதவைச் சாத்திவிடும்.

நொய்யல்

பட்டுவாடா, உறுப்பினர் தேடலை எப்படி எழுதியிருக்கிறீர்கள்? பேக்டிக்குக்குள் பெயரை நேரடியாகச் செருகியிருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். $1, $2 என்று இடம் விட்டு, மதிப்புகளைத் தனி அர்ரேயில் கொடுங்கள். டைப் ஸ்ட்ரிங் என்பதற்காக அந்த ஸ்ட்ரிங் நல்லது என்று ஆகாது. டேபிள் பெயருக்கும் ஃபீல்டு பெயருக்கும் $1 வேலை செய்யாது. வரிசைப்படுத்த எந்த ஃபீல்டு என்று பயனர் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், அனுமதித்த பெயர்கள் மட்டும் கொண்ட பட்டியல் ஒன்று வைத்து அதிலிருந்து எடுங்கள்.

பட்டுவாடா

பெயர்த் தேடல் ஒன்றில் அப்படித்தான் இருந்தது அண்ணா. மாற்றிவிட்டேன்.

கரிசல்

ஃபைனலி போட்டு நான்கு நாளாயிற்று. ஒருமுறைகூட உறையவில்லை. நன்றி இரவுப்பணி.

பட்டுவாடா

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். செய்தவை: கணக்கு நாள், வேளை இரண்டு ஃபீல்டும் சேர்த்தேன். பழைய பதிவுகளுக்கு அட் டைம் ஸோன் வைத்து நாளை நிரப்பினேன். அதில் கரண்ட் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமையின் மாலைப் பால் மறுநாள் காலை பதிவாகியிருந்தது, அதை மட்டும் நோட்டைப் பார்த்துக் கையால் திருத்தினோம். செங்காந்தள் அக்கா சொன்ன அதே நிலைமை. மொத்தம் எல்லாம் இப்போது எஸ்.க்யூ.எல்லில். 1082க்குப் பார்ஸர் போட்டாயிற்று, 1700ஐத் தொடவில்லை. ஸாட் போட்ட முதல் நாளே ஒரு க்வெரியில் எஸ்.என்.எஃப். மதிப்பே இல்லாமல் (null) வருவதைப் பிடித்துக் கொடுத்தது, கருவி ரிப்பேரான நாட்களில் அதைக் காலியாக விட்டிருக்கிறார்கள்.

நேற்று பட்டுவாடா. செயலாளர் நோட்டை வாசிக்க, நான் திரையைப் பார்த்தேன். ஒவ்வொரு உறுப்பினராகப் போனோம். 13.750 லிட்டர் 13.750 என்றே வந்தது. மொத்தத்தில் பைசா வித்தியாசம் இல்லை.

ஒரு சந்தேகம் மட்டும். செட்டைப்பார்ஸர் எல்லா இணைப்புக்கும் சேர்த்தா? பழைய ரிப்போர்ட் கோடு ஒன்று டேட் ஆப்ஜெக்ட்டை எதிர்பார்க்கிறது.

செங்காந்தள்

ஆமாம், அந்தப் ப்ராசஸ் முழுவதற்கும் பொருந்தும். பழைய ரிப்போர்ட்டுக்கு மட்டும் வேண்டுமென்றால் தனி பூல் கட்டி, அதன் அமைப்பில் டைப்ஸ் என்று வேறு பார்ஸரைக் கொடுக்கலாம். ஆனால் அந்த ரிப்போர்ட்டையே திருத்திவிடுவது நல்லது தம்பி. அதிலும் ஒரு நாள் நகர்ந்துதான் இருக்கும், ஏப்ரல் 1ஆம் தேதி வரிசையை எடுத்துப் பாருங்கள்.

பட்டுவாடா

பார்த்தேன். மார்ச் 31 என்று இருக்கிறது. திருத்துகிறேன்.